கூரைத் தண்ணி எங்க போகுது?

கிளெனிஸ் சடோவுக்குத் தன் நாக்கின் மேல் இருந்த நம்பிக்கை கட்டிய கணவன் மேல்கூட இருந்ததில்லை. இதை அவள் ராட்னியின் முகத்துக்கு நேரே சொல்வாள். ராட்னியும் மறுத்ததில்லை.

அவர்கள் தொழில் கூரைமேல் பாய் விரிப்பது. விரல் தடிமன் குழாய்களை வரிசையாகச் சேர்த்து ஒட்டிய கறுப்பு ரப்பர் பாய். நீச்சல் குளத்துத் தண்ணீரை மோட்டார் மேலே தள்ளும்; அது பாயின் குழாய்களுக்குள் ஊர்ந்து, வெயிலில் சூடேறி, மறுபடி குளத்துக்கே இறங்கும். வேலை எளிது என்று நினைப்பவர்கள் ஒரு நாள் கூரையில் ஏறிப் பார்க்கட்டும். நெளிதகரக் கூரை நல்ல பிள்ளை. பள்ளத்தில் பசையை வைத்துப் பாயை அழுத்தினால் இருபது வருஷம் அசையாது. தட்டைத் தகரத்தில் தண்ணீர் தேங்காமல் சரிவு பார்க்க வேண்டும். ஓட்டுக் கூரைதான் சண்டைக்காரி. எந்த ஓட்டில் எந்த இடத்தில் கால் வைப்பது என்பதற்கே தனிப் புத்தி வேண்டும், பெயின்ட் அடித்த ஓட்டில் பசையும் நிற்காது, பட்டை போட்டு ஓட்டுக்கு அடியில் செருக வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் அப்படியொரு ஓட்டில், பாசி படிந்த இடத்தில் கால் வைத்து ராட்னி கீழே விழுந்தான். இடுப்பு எலும்பு கூடிவிட்டது, தைரியம் கூடவில்லை. அன்றிலிருந்து ஏணியில் மூன்றாம் படிக்கு மேல் அவன் ஏறுவதில்லை. மோட்டார், டெலிபோன், காகிதம் மூன்றும் அவன் பொறுப்பு. கூரை முழுக்க அவள் ராஜ்ஜியம்.

கையில் காகிதம் வந்ததும் ராட்னி ஒரு படிவம் தயாரித்தான். ஒவ்வொரு வீட்டிலும் வேலை தொடங்குமுன் கேட்க வேண்டிய பன்னிரண்டு கேள்விகள். ஆறாவது கேள்வி: கூரைத் தண்ணீர் எங்கே போகிறது? இவர்கள் ஊரான கூல்வா பக்கத்தில் ஊர்க் குழாய் எட்டாத வீடுகள் உண்டு. அந்த வீட்டுக்காரர்கள் கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்து அதைத்தான் குடிக்கிறார்கள். அப்படிப்பட்ட கூரையில் பாய் விரிக்கக் கூடாது. ரப்பர் என்றைக்கிருந்தாலும் ரப்பர். எங்காவது கசிந்தால் குளத்துத் தண்ணீர் குடிதண்ணீரில் கலந்துவிடும்.

கிளெனிஸ் இதைக் கேட்க மாட்டாள். ஏணியைச் சாத்துமுன் சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீர் வாங்கிக் குடிப்பாள். குளோரின் வாடை இருந்தால் ஊர்த் தண்ணீர், இல்லையென்றால் மழைத் தண்ணீர். பதினாறு வருஷத்தில் அவள் நாக்கு ஒரு முறைகூடப் பிசகியதில்லை. எந்த வீட்டில் தொட்டி தகரம், எந்த வீட்டில் சிமென்ட் என்றுகூடச் சொல்லுவாள்.

பிப்ரவரியில் தீலே தம்பதியின் வீட்டுக்குப் போனபோதும் அப்படித்தான் போனாள். ஆற்றைப் பார்த்த மேட்டில் தனியாக நின்ற வீடு. எர்வின் தீலேக்கு எழுபத்துநான்கு வயது. பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி நோரீன் வாசலிலேயே காத்திருந்தாள்.

"வாம்மா, உள்ள வா. பூட்ஸ் எல்லாம் கழட்ட வேண்டாம், தரை என்ன தங்கமா? இந்த மனுஷனுக்குச் சீக்கிரம் தண்ணியச் சூடு பண்ணிக் குடு."

எர்வின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தார். "குளம் வெட்டிப் பதினெட்டு வருஷம் ஆச்சு. பேரப் பசங்க குதிச்சதோட சரி. இப்ப என்னைய அதுல ஊறப் போடப் போறாங்க."

அவருடைய இதயம் பலவீனமாகிவிட்டது. தினம் அரை மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் நடக்க வேண்டும், குளிர்ந்த தண்ணீரில் கால் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூடவே இன்னொன்றும் சொல்லியிருந்தார்.

"உப்பே ஆகாதாம். ஃப்ரிட்ஸ் இறைச்சி போச்சு, ரொட்டில தடவுற வெஜிமைட் போச்சு. கடை ரொட்டிலயும் உப்பாம், அதையும் இவளே சுடுறா. சுவரை நக்குற மாதிரி இருக்கும்மா."

"சுவரை நக்கினாலும் உயிரோட நக்கு" என்றாள் நோரீன். அதைச் சொல்லிக்கொண்டே கிளெனிஸ் கேட்ட தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தாள்.

கிளெனிஸ் ஒரு வாய் குடித்தாள். குளோரின் வாடை மூக்கில் ஏறியது. ஊர்த் தண்ணீர், சந்தேகமே இல்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தாள்.

அந்த வீட்டுக்கு மூன்று கூரைகள். முன்பக்கம் பழைய நெளிதகரம், நேர் வடக்கு. வெயில் வடக்கேயிருந்து அடிக்கும் நாட்டில் அதைவிட நல்ல இடம் கிடையாது. நடுவில் மேற்கைப் பார்த்த ஓட்டுக் கூரை, பச்சைப் பெயின்ட் பக்கு பக்காக உரிந்துகொண்டிருந்தது. பின்னால் புதிதாகக் கட்டிய அறைக்குத் தட்டைத் தகரம். அதன்மேல் பெரிய பைன் மரத்தின் நிழல் மத்தியானத்திலிருந்தே கவிழ்ந்து கிடந்தது. மூன்றையும் பார்த்தவுடன் கிளெனிஸுக்கு முடிவு தெரிந்துவிட்டது.

வண்டியின் மூக்கில் படிவத்தை வைத்துக்கொண்டு ராட்னி ஒவ்வொரு கேள்வியாக வாசித்தான்.

"ஆறு. கூரைத் தண்ணி எங்க போகுது?"

"ஊர்த் தண்ணி. எழுது."

"கேட்டியா, குடிச்சியா?"

"குடிச்சேன்."

"கேள்வின்னா கேக்கணும், கிளெனிஸ். குடிக்கிறதுக்குப் பேர் கேள்வி இல்ல. கிழக்குப் பக்கம் ஒரு தொட்டி நிக்குது பாத்தியா?"

"தோட்டத்துக்கு இருக்கும். தொட்டி இல்லாத வீடு இந்த ஊர்ல எங்க இருக்கு? எழுதுய்யா, வெயில் ஏறுது."

ராட்னி எழுதினான். "குடிதண்ணீர்: ஊர்க் குழாய்." அவன் கையெழுத்து எப்போதும் போல அச்சடித்த மாதிரி அழகாக இருந்தது.

ஒன்றரை நாளில் வேலை முடிந்தது. நெளிதகரத்தின் பள்ளங்களில் பாய் பதவிசாகப் படுத்துக்கொண்டது. ஆற்றங்கரை மரங்களில் கொரெல்லாக்கள், அந்த வெள்ளைக் கிளிகள், கூட்டமாகக் கத்திக்கொண்டிருந்தன. ரப்பரைக் கண்டால் அவை அலகை வைக்காமல் விடமாட்டா என்று கிளெனிஸ் சொன்னாள். "அதுங்க இந்த மேட்டுக்கு வர்றதே இல்லம்மா" என்றார் எர்வின். மூன்றாம் நாள் காலை அவர் குளத்தில் இறங்கி, மார்பளவு தண்ணீரில், கைகளை விரித்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். நோரீன் கரையில் துண்டோடு நின்றாள். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளெனிஸ் வண்டியில் ஏறினாள்.

மார்ச் முடிவில் நோரீன் முதல் தடவை டெலிபோன் செய்தாள். குளத்தின் உப்பு மெஷின், உப்பிலிருந்து குளோரின் எடுக்குமே அது, உப்பு போதவில்லை என்று சிவப்பு விளக்கைக் காட்டுகிறதாம். ஒரு மூட்டை கொட்டச் சொன்னான் ராட்னி. பத்து நாள் கழித்து மறுபடி டெலிபோன். மறுபடி ஒரு மூட்டை. குளத்தில் தண்ணீரும் குறைகிறதாம், போர் தண்ணீரைத் திறந்துவிட்டு நிரப்புகிறாளாம். வெயில் அடித்தால் ஆவியாகத்தான் செய்யும் என்று ராட்னி ஆறுதல் சொன்னான்.

மே மாதம் பிறந்து இரண்டாம் நாள். கிளெனிஸ் காலையில் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். ராட்னி நோட்டைப் பார்த்து வாசித்தான்.

"தீலே வீட்லேர்ந்து நேத்தும் போன். அஞ்சாவது மூட்டை கொட்டியாச்சாம். பாவம், அந்தம்மா அழுதுச்சு. ஈஸ்டருக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவரை ஆஸ்பத்திரில போட்டு, பத்து நாள் வெச்சிருந்து அனுப்பினாங்களாம். இப்ப மறுபடி கால் வீங்கிடுச்சாம்."

"அஞ்சு மூட்டையா?"

"பசங்க குதிச்சா தெறிச்சுப் போகும்னு..."

"எந்தப் பசங்க? ஒரு கெழவர் நடக்குறாரு, அவ்வளவுதான்." கிளெனிஸ் ரொட்டியைக் கீழே வைத்தாள். "ராட்னி, தண்ணி ஆவியாகும். உப்பு ஆவியாகுமா?"

ராட்னி நோட்டை மூடினான்.

"எங்கயோ ஒழுகுது" என்றான்.

"குளத்தைச் சுத்தி ஈரமே இல்லன்னு சொல்றாங்கல்ல? அப்ப மேலதான். எடு வண்டிய."

தீலே வீட்டில் கதவைத் தட்டாமல் நேராக ஏணியைச் சாத்தினாள். ராட்னி பின்பக்கம் போய் மோட்டாரைப் போட்டான். மேலே ஏறிப் பார்த்தவளுக்கு எண்ணக்கூடத் தோன்றவில்லை. பாய் முழுவதும் அலகுக் கொத்தல். ஒவ்வொரு கொத்தலிலிருந்தும் நூல் நூலாகத் தண்ணீர் எழும்பித் தகரத்தின் பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்தது. விழுந்த இடமெல்லாம் வெள்ளைப் படிவு, விரலால் தொட்டால் மாவு. அந்த வெள்ளைக் கோடுகள் கீழே இறங்கிக் கூரை விளிம்பின் தகரக் கால்வாயில் சேர்ந்தன. கால்வாய் கிழக்கே ஓடியது. கிளெனிஸ் குத்துக்காலிட்டபடியே நகர்ந்து எட்டிப் பார்த்தாள்.

கால்வாயிலிருந்து ஒரு குழாய் இறங்கித் தொட்டிக்குள் போனது. தொட்டியின் அடியில், ஜெரேனியம் செடித் தொட்டிகளுக்குப் பின்னால், ஒரு சின்ன மோட்டார் உட்கார்ந்திருந்தது. மோட்டாரிலிருந்து புறப்பட்ட குழாய் ஆறடி நடந்து சமையலறைச் சுவருக்குள் நுழைந்தது. தோட்டத்துக்கு எந்தக் குழாயும் போகவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் ராட்னி விழுந்தபோதுகூட அவள் இவ்வளவு பயந்ததில்லை.

இறங்கி வந்தாள். "என்ன?" என்றான் ராட்னி.

"பறவை. மோட்டாரை நிறுத்து."

சமையலறையில் எர்வின் நாற்காலியில் சாய்ந்து, கால்களை முக்காலியின் மேல் நீட்டியிருந்தார். கணுக்கால் எது முழங்கால் எது என்று தெரியாத வீக்கம். செருப்பின் வாரைக் கத்தரித்து விட்டிருந்தார்கள். நோரீன் அடுப்பில் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். கிளெனிஸைப் பார்த்ததும் கரண்டியோடு திரும்பினாள்.

"நீயே சொல்லும்மா. ஆஸ்பத்திரில பத்து நாள் இருந்தாரு. கால் வத்திக் குச்சியாப் போச்சு. வீட்டுக்கு வந்து ஒரே வாரம், பாரு இந்தக் கோலத்த. அங்க காவல் இருக்கு, இங்க இல்ல. எங்க வாங்கித் திங்குறார்னே தெரியல. கார் சாவிய மாவு டப்பாக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கேன், அப்பவும் எப்படியோ திங்குறாரு."

"நான் திங்கல, நோரீன்."

"டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன், இந்தாளு திருட்டுத்தனமா உப்பு திங்குறாருன்னு. அவரும் தலையை ஆட்டினாரு. இப்படி நிறைய பேரப் பாத்திருக்காராம்."

"திங்கல." எர்வின் குரலில் கோபம் தீர்ந்து போயிருந்தது, பலமுறை சொல்லித் தேய்ந்த சொல். அவர் கிளெனிஸைப் பார்த்தார். "இவ சூப்பு இப்பத்தாம்மா வாயில வைக்கிற மாதிரி இருக்கு. அத மட்டும்தான் குடிக்கிறேன். டீ, சூப்பு, டீ, சூப்பு."

"ஒரு சிட்டிகை உப்பு போடறதில்ல அதுல" என்றாள் நோரீன், பெருமையோடு. "நாக்கு பழகிடுச்சு, அவ்வளவுதான்."

"ஒரு டம்ளர் தண்ணி குடுங்க நோரீன்."

"அதுக்கென்ன, இந்த வருஷம் தண்ணிக்குப் பஞ்சமே இல்ல." நோரீன் குழாயைத் திறந்தாள். "பிப்ரவரில, நீங்க வர்றதுக்கு நாலு நாள் முன்ன, தொட்டி காஞ்சு போய் ஒரு லாரி ஊர்த் தண்ணி வாங்கி ஊத்தினோம். எப்பவும் ஈஸ்டருக்குள்ள ரெண்டாவது லாரி வந்தாகணும். இந்தத் தடவ ஒரு சொட்டு மழை இல்ல, ஆனா தொட்டி குறையவே இல்ல பாரேன்."

லாரித் தண்ணீர். அன்று நாக்கு பொய் சொல்லவில்லை. அது ஊர்த் தண்ணீர்தான். ஊரிலிருந்து சக்கரத்தில் வந்த தண்ணீர்.

கிளெனிஸ் குடித்தாள். தொண்டை வலிக்குக் கொப்பளிக்கக் கலக்குவோமே, அதில் பாதி உப்பு இருந்தது. விழுங்க முடியாமல் விழுங்கினாள்.

"அடுப்பை அணைச்சிடுங்க" என்றாள். "அந்த சூப்பக் கொட்டிடுங்க. இந்தத் தண்ணிய யாரும் குடிக்காதீங்க. குளத்துத் தண்ணி உங்க தொட்டில எறங்குது. பாயில எல்லாம் ஓட்டை. நீங்க குளத்துல கொட்டின அஞ்சு மூட்டை உப்பும் கூரை வழியா இங்கதான் வந்திருக்கு."

நோரீனுக்குப் புரியவில்லை. குழாயில் ஒரு டம்ளர் பிடித்துத் தானும் குடித்துப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா."

"தெரியாது. தினம் கொஞ்சம் கொஞ்சமா ஏறினா நாக்குக்குத் தெரியாது. ராட்னி, நம்ம வண்டில இருக்கற பாட்டிலைக் கொண்டு வா."

ராட்னி கொண்டுவந்த பாட்டில் தண்ணீரை நோரீன் முதலில் குடித்தாள். பிறகு தன் குழாய்த் தண்ணீரை வாயில் விட்டாள். விட்டவள் அப்படியே பாத்திரம் கழுவும் தொட்டியில் துப்பினாள். துப்பிவிட்டு அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"டீ" என்றாள். "சூப்பு. ரொட்டி மாவு பிசைஞ்சது. எல்லாத்தையும் நான் என் கையால..."

அவள் போய் எர்வினின் நாற்காலிப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள். எழுபது வயதில் தரையில் உட்காருவது அவளுக்குச் சுலபமாக இல்லை. வீங்கிய அந்தக் காலின்மேல் கையை வைத்தாள். "நீ திங்கல. மூணு வாரமாச் சொல்லிக்கிட்டே இருந்த. நான்தான் நம்பல. என்னைய மன்னிச்சிடு எர்வின்."

எர்வின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்த மனிதரின் முகமாக அது இல்லை. "விடு, நோரீன். எழுந்திரு. விடு" என்றார்.

எழுந்தவள் கிளெனிஸைக் கட்டிக்கொண்டாள். "நீ மட்டும் இன்னிக்கு வரலன்னா என்ன ஆகியிருக்கும்? கடவுள்தான் உன்னைய அனுப்பினாரு."

"பறவைங்க பண்ணின வேலை" என்றாள் கிளெனிஸ்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவள் காதில் விழுந்தது. பொய் இல்லை. பறவைகள்தான் கொத்தின. வாசல்படியில் ராட்னி நின்றான், கையில் அந்தப் பழைய படிவம். அவன் அவளைப் பார்த்தான், படிவத்தைப் பார்த்தான். ஒரு கேள்விக்குப் பதில் விட்டுப்போனால் மூன்று நாள் சொல்லிக்காட்டுகிற மனுஷன். இன்றைக்கு என்று பார்த்து வாயைத் திறக்காமல் நின்றான். அவன் ஏதாவது சொல்லித் தொலைத்தால் தேவலை என்று கிளெனிஸுக்கு இருந்தது.

நோரீன் முன்னறைக்குப் போய் டாக்டருக்கு டெலிபோன் செய்தாள். மத்தியானமே அழைத்து வரச் சொன்னார்கள். மறுபடி ஆஸ்பத்திரி, ஆனால் இந்த முறை என்ன காரணம் என்று தெரிந்து போகிற ஆஸ்பத்திரி.

கிளெனிஸ் வெளியே வந்து, தொட்டிக்குள் இறங்கும் குழாயைக் கழற்றித் தரைப் பக்கம் திருப்பினாள். திருகாணி துருப்பிடித்து மக்கர் பண்ணியது. முதுகுக்குப் பின்னால் ஊன்றுகோல் சத்தம். எர்வின் சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வந்து நின்றார்.

"நீங்க எதுக்கு நடந்து வந்தீங்க?"

"ஒரு விஷயம். அவ கேக்காத எடத்துல சொல்லணும்." அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். "ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை, கசாப்புக் கடைக்கு எலும்பு வாங்கப் போனேன். கடைக்காரரு ஒரு துண்டு ஃப்ரிட்ஸ் வெட்டி நீட்டினாரு. சின்னப் பசங்களுக்குக் குடுப்பாங்கல்ல, அந்த மாதிரி. விளையாட்டாத்தான். அவரோட அப்பாவும் எனக்கு அஞ்சு வயசுல அப்படித்தான் நீட்டினாரு. வாங்கி வாயில போட்டுட்டேன்."

கிளெனிஸ் திருகாணியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"சாயங்காலம் நோரீன் கேட்டா, ஏதாவது தின்னியான்னு. இல்லன்னு சொல்லிட்டேன். மறுநாள் விடியும்போது மூச்சு முட்டி ஆஸ்பத்திரி. ஒரு துண்டுக்கு இவ்வளவா, அது என்னையக் கொல்லப் போகுதுன்னே நெனச்சேன். படுக்கைல கெடந்து அந்த ஒரு துண்டையே நெனச்சேன். அதுக்கப்புறம் நெசமாவே ஒண்ணும் திங்கலம்மா. ஆனா அவ என் காலத் தொட்டு மன்னிப்பு கேக்குறா. எனக்கு எப்படி இருக்கும் சொல்லு?"

எப்படி இருக்கும் என்று கிளெனிஸுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சற்று முன் அவளைக் கட்டிக்கொண்ட கைகளின் சூடு இன்னும் தோளில் இருந்தது. அந்த மாதிரி நன்றியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் இரவில் தூக்கம் வராது. வந்தாலும், அது உருப்படியான தூக்கமாக இருக்காது.

"வாங்க" என்றாள். "உள்ள போலாம். எனக்கும் ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு."

நோரீன் ஆஸ்பத்திரிப் பைக்குள் துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். ராட்னி பாட்டில் தண்ணீரைக் கெட்டிலில் ஊற்றியிருந்தான். கிளெனிஸ் அவன் கையிலிருந்த படிவத்தை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"நோரீன், பறவைங்க மட்டும் இல்ல. நான்தான். வேலை ஆரம்பிக்கும்போது கூரைத் தண்ணி எங்க போகுதுன்னு உங்ககிட்ட கேக்கணும். அது எங்க சட்டம். குடிதண்ணித் தொட்டிக்குப் போகுதுன்னு தெரிஞ்சா அந்தக் கூரைல பாய் போடவே மாட்டோம். நான் கேக்கல. நீங்க குடுத்த தண்ணியக் குடிச்சுப் பாத்துட்டு, ஊர்த் தண்ணின்னு எழுதச் சொல்லிட்டேன். ராட்னி கேளுன்னு சொன்னான். நான் கேக்கல."

நோரீன் மடித்த சட்டையைக் கையிலேயே வைத்திருந்தாள். "கேக்கவே இல்லையா?"

"இல்ல."

"நான் இங்கயேதானே நின்னேன். இந்தா, இந்த எடத்துல. கையெட்டுற தூரத்துல." அவள் குரல் உயரவில்லை. "ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே."

பதினாறு வருஷம் பிசகாத நாக்கு வாய்க்குள் கட்டையாகக் கிடந்தது. குடிக்கத் தண்ணீர் கேன்கள் இறக்கித் தருவதாகவும், தொட்டியைக் காலி செய்து கழுவித் தருவதாகவும், தொட்டிக்குத் தண்ணீர் போகாத ஓட்டுக் கூரையில் புதுப் பாயைப் பசை இல்லாமல் பட்டை போட்டுக் கட்டித் தருவதாகவும் ராட்னி மெல்லச் சொன்னான். ஓட்டுக் கூரை என்ற சொல் அவன் வாயில் வந்தபோது கிளெனிஸ் அவனை நிமிர்ந்து பார்த்தாள். நோரீன் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.

"நோரீன்" என்றார் எர்வின். நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நானும் ஒண்ணு சொல்லணும். ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஃப்ரிட்ஸ். ஒரு துண்டு. நீ வீட்டுக்கு வர்றதுக்குள்ளயே கடைக்காரரு போன் பண்ணிட்டாரு, சிரிச்சுக்கிட்டே. உன் புருஷன் சின்னப் பையன் மாதிரி வாயத் தொறந்தாரு, திட்டாதீங்கன்னு. நானும் சிரிச்சேன் எர்வின். ஒரு துண்டுதானே, போய்த் தொலையட்டும்னு. ஆனா நீ வந்ததும் கேட்டேன். நீ என் மூஞ்சியப் பாத்து இல்லன்ன." நோரீன் சட்டையைப் பைக்குள் வைத்தாள், மறுபடி எடுத்தாள், மறுபடி வைத்தாள். "அன்னியோட போச்சு. அதுக்கப்புறம் நீ சொன்ன ஒவ்வொரு 'இல்ல'யும் எனக்கு அந்த 'இல்ல'யாவே கேட்டுச்சு. டாக்டரையும் நான் நம்ப விடல. வேற காரணம் இருக்குமான்னு யாருமே தேடல. நீ செத்துக்கூடப் போயிருப்ப."

எர்வின் தலையைக் குனிந்துகொண்டார். கெட்டில் கொதித்துத் தானே அணைந்தது.

நோரீன்தான் முதலில் அசைந்தாள். நாற்காலியை இழுத்து எர்வினை உட்கார வைத்தாள். பிறகு மேசைமேல் கிடந்த படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் ஒவ்வொரு கேள்வியாக இறங்கினாள். ஆறாவதில் விரல் நின்றது. ராட்னியின் அழகான கையெழுத்தைப் படித்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு, பேனாவைக் கிளெனிஸிடம் நீட்டினாள்.

"இப்ப கேளு."

"நோரீன்..."

"கேளும்மா. உன் சட்டம்தானே? என்னையக் கேட்டு, நான் சொல்றத எழுது."

கிளெனிஸ் பேனாவை வாங்கினாள். வீட்டுக்காரரிடம் அந்தக் கேள்வியை அவள் வாய் திறந்து கேட்பது அதுதான் முதல் தடவை.

"கூரைத் தண்ணி எங்க போகுது?"

"எங்க வாய்க்கு" என்றாள் நோரீன்.

கிளெனிஸ் அதை அப்படியே எழுதினாள்.